யாரும் கேட்காத பதில்

1

நான் நடிக்கவில்லை. இதைச் சொல்வதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

கொழும்பில் ஒரு பத்திரிகை என்னைப் ‘புலம்பெயர்ந்த மூத்த அரங்கக் கலைஞர்’ என்று எழுதியிருக்கிறது. ஆங்கிலத்தில் வந்த இன்னொன்றில், நான் நின்ற மூன்று நிமிடம் ஒரு தலைமுறையின் எதிர்ப்பு என்று இருக்கிறதாம். மகள் வாசித்துச் சொன்னாள். உங்கள் சஞ்சிகையிலிருந்தும் ‘உங்கள் கலை அனுபவத்தை எழுதித் தாருங்கள்’ என்று கேட்டிருந்தீர்கள். எனக்குக் கலை அனுபவம் ஒன்றும் இல்லை. சுவிசில் ஒரு வைத்தியசாலைக்குத் துணி வெளுத்துக் கொடுக்கும் இடத்தில் வேலை செய்கிறேன். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. நாலு பேர் பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் எனக்கு உள்ளங்கை வியர்க்கும். எதிர்ப்பு என்றால் எதிர்க்க வேண்டும் அல்லவா. அன்று நான் பணிந்து நின்றேன், அவ்வளவுதான்.

அங்கே நின்றவர்கள் எடுத்த காணொளியில் நான் கடைசியாக ஒரு வசனம் சொல்கிறேன். அதை யாரும் என்னிடம் கேட்கவில்லை. பார்த்தவர்கள் அதைத்தான் அதிகம் மெச்சுகிறார்கள். அந்த வசனம் என் மனைவியின் அண்ணன் நந்தனைப் பற்றியது. நந்தன் காணாமற்போய்ப் பதினெட்டு வருடங்களுக்கு மேலாகிறது. அவனுக்கு என்ன நடந்தது என்று என் மனைவி வசந்தி அன்றிலிருந்து தேடுகிறாள். தேடுகிறவளோடு ஒரே வீட்டில் இருந்துகொண்டு, எனக்குத் தெரிந்ததை அவளுக்குச் சொல்லாமல் இருந்தேன்.

2

இங்கே என் நாள் எப்படிப் போகிறது என்று முதலில் சொல்கிறேன்.

காலை ஆறு மணிக்கு வேலை. விரிப்புகள் ஈரமாகக் கூண்டு வண்டியில் வரும். பெரிய உருளை இயந்திரத்தின் முன்னால் இரண்டு பேர் நிற்போம். ஒரு மூலை என் கையில், மற்ற மூலை கொசோவோக்காரப் பெண் ஒருத்தியின் கையில். இழுத்து, நேராக்கி, உருளைக்குள் விடுவோம். மறுபக்கம் காய்ந்து மடிந்து வரும். ஒன்பது வருடமாக அவளோடு வேலை செய்கிறேன். காலையில் வணக்கம், வேலை முடிந்ததும் போய்வருகிறேன். இடையில் கதைக்க இயந்திரச் சத்தம் விடாது. எனக்கு அது வசதி.

வெள்ளவத்தையிலும் இதே தொழில்தான். ஹட்டன் பக்கத் தோட்டத்திலிருந்து பதினேழு வயதில் கொழும்புக்கு வந்து, காலி வீதியிலிருந்து இறங்கும் ஒழுங்கை ஒன்றில் ஒரு லோன்றியில் அயர்ன் பண்ணும் வேலையில் சேர்ந்தேன். பின்பக்கத்து அறையில் படுக்கை. நந்தன் இரண்டு கடை தள்ளி, வெளிநாட்டுக்குத் தொலைபேசி எடுத்துக் கொடுக்கும் கடையில் வேலை செய்தான். வீடு கொட்டாஞ்சேனையில், தாயும் தங்கையும். சொந்த இடம் வடக்கு. அடையாள அட்டையில் கிளிநொச்சி விலாசம். எனக்கு இருந்த ஒரே சிநேகிதன் அவன். என்னோடு கதைப்பதற்கு அவன் பதிலை எதிர்பார்ப்பதில்லை. அவனே கேட்டு அவனே பதிலும் சொல்லிக்கொள்வான்.

போன வருடம் வசந்தியின் தாய் இறந்துவிட்டார். ஆண்டுத் திவசத்துக்காக இந்தக் கோடையில் மூன்று பேரும் கொழும்பு போனோம். மகள் ஆரணிக்குப் பதின்மூன்று வயது. விமானத்தில் அவள் வசந்தியிடம், “அம்மம்மாக்கு பேத்டே மாதிரியா?” என்று கேட்டாள். வசந்தி யோசித்து, “ஓம், அப்பிடித்தான்,” என்றாள்.

மாமியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மகன் காணாமற்போன பிறகு, அவர் கடைசிவரை எங்கே தாய்மார் கூடினாலும் போய் நிற்பார். கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்த மகனின் படத்தை நெஞ்சோடு பிடித்தபடி, வெயிலில், ஒன்றும் பேசாமல் நிற்பார். முழங்கால் போன பிறகு பிளாஸ்ரிக் கதிரையில் இருந்தார். அதை யாரும் கலை என்று எழுதவில்லை. பஸ்ஸில் போகிறவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

3

திவசத்துக்கு முதல் நாள் சனிக்கிழமை. ஐயர் கொடுத்த பட்டியலில் இருந்த சாமான்களுக்கு வெள்ளவத்தைக் கடை ஒன்றில் சொல்லி வைத்திருந்தார்கள். எடுத்துவர என்னை அனுப்பினார்கள். வசந்தியும் ஆரணியும் கொட்டாஞ்சேனையில் வசந்தியின் சித்தி வீட்டில் நின்றார்கள்.

சாமானை வாங்கிக்கொண்டு, கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையால் நடந்தேன். பழைய லோன்றி இருந்த இடத்தில் இப்போது ஏழு மாடிக் கட்டடம். அதைத் தாண்டினால் றோட்டின் குறுக்கே, யுத்த காலத்தில் இருந்ததுபோல, ஒரு சோதனைத் தடை.

எண்ணெய்ப் பீப்பாக்கள் ஐந்தாறு, வளைந்து வளைந்து போகும்படி வைத்திருந்தார்கள். கொலன்னாவைப் பக்கத்திலிருந்து கொண்டுவந்தவை என்று பிறகு அறிந்தேன். மணல் மூட்டைகள். ஆண்களுக்கு ஒரு வரிசை, பெண்களுக்கு ஒரு வரிசை. நின்ற பிள்ளைகள் மா சாக்கில் தைத்த உடுப்புப் போட்டிருந்தார்கள்; முதுகில் ஆலையின் பெயர்கூட அழியவில்லை. கையில் துப்பாக்கிக்குப் பதில் நிலம் கூட்டும் தும்புத்தடி. சுற்றிவர ஆட்கள் கைத்தொலைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். சிரிப்பும் கேட்டது.

கையில் மீன் பையோடு ஒரு அம்மா தடையில் மறிபட்டு நின்றார்.

“தம்பி, உதுக்குள்ளால போகாமல் நான் வீட்ட போக ஏலாதோ?”

“போகலாம் அன்ரி. ஐடென்ரி காட்டினால் போகலாம்,” என்றான் சாக்கு உடுப்புக்காரன்.

“ஐடென்ரி வீட்டில கிடக்கு.”

“அப்ப பிரச்சினைதான்.”

“ஒண்டு செய். என்ர மனுசன் அந்தா பின்னால வருது. அந்தாளைப் பிடிச்சு வைச்சிரு. பின்னேரம் விட்டாலும் காணும்.”

எல்லோரும் சிரித்தார்கள். அந்த மனிதரும் சிரித்தார்.

இது வீதி நாடகம் என்று எனக்குத் தெரிந்ததா என்று ஆரணி பலதரம் கேட்டுவிட்டாள். தெரிந்தது. மா சாக்கு என் கண்ணில் பட்டது. தும்புத்தடியும் பட்டது. ஆனால் நான் அதற்குள் ஆண்கள் வரிசையில் நின்றுவிட்டேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை. முன்னால் இருந்த இரண்டு இளைஞர்கள் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். அடுத்தது நான். எனக்குப் பின்னால் யாரும் இல்லை.

சோதிக்க வசதியாகப் பையைக் காலடியில் வைத்து அதன் வாயை விரித்துவிட்டேன். சேர்ட் பையிலிருந்து கடவுச்சீட்டை எடுத்து, படம் இருக்கும் பக்கத்தை விரித்து நீட்டினேன். இரண்டு கையையும் தோளுக்கு மேல் உயர்த்தினேன். யாரும் சொல்லாமலே ஒரு சுற்றுச் சுற்றி நின்றேன்.

தடையில் நின்றது ஒரு சிங்களப் பிள்ளை. பெயர் தில்ஹானி என்று பிறகு தெரியும். இருபத்தைந்து வயதிருக்கும். தனக்குத் தெரிந்த பாடத்தை அவள் தொடங்கினாள்.

“கோஹெந்த என்னே?” எங்கேயிருந்து வருகிறாய் என்று.

சுவிஸ் என்று நான் சொல்லவில்லை. புறக்கோட்டை என்றேன், சிங்களத்தில். பெயர் கேட்டாள், சொன்னேன். விலாசம் கேட்டாள். லோன்றியின் இலக்கம், ஒழுங்கை, பொலிசில் பதிந்த துண்டு முதலாளியிடம் இருக்கிறது, எல்லாம் ஒரே மூச்சில் சொன்னேன். அவளுடைய கேள்விகள் அதோடு முடிந்துவிட்டன. அப்போதுதான் நான் அதைச் சொன்னேன்.

“மம தனியம ஆவே, மஹத்தயா.” நான் தனியாகத்தான் வந்தேன், ஐயா. எனக்குப் பின்னால் நிற்கிறவரை எனக்குத் தெரியாது.

பெண் பிள்ளையைப் பார்த்து ஐயா என்றேன். அங்கே சிரிப்பு நின்றுவிட்டது. தில்ஹானி கடவுச்சீட்டைத் திருப்பித் தரவும் மறந்து நின்றாள். நான் அவள் கையிலிருந்து அதை எடுத்தேன்.

“யன்னத?” போகவா என்று கேட்டேன்.

யாரோ கை தட்டினார்கள். பிறகு எல்லோரும் தட்டினார்கள். நான் காலி வீதிப் பக்கம் நடந்தேன். தில்ஹானி என் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடிவந்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. என் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் கேட்டாள். அந்த உடுப்போடு நின்று கேட்டதால் கொடுத்துவிட்டேன்.

கொட்டாஞ்சேனைக்குப் போனதும் சித்தி, “தர்ப்பை எங்க?” என்றார். பையில் தர்ப்பை இல்லை. எங்கே விழுந்ததோ.

4

நந்தனைப் பற்றி இப்போது எழுதுகிறேன். இந்த வருடம்வரை எங்கள் வீட்டில் யாருக்கும் சொன்னதில்லை.

அன்று காலை லோன்றிக்குக் கஞ்சிப்பசை வாங்கப் புறக்கோட்டைக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தேன். ஏறிய பஸ்ஸில் நந்தன் இருந்தான், ஜன்னல் ஓரம். பக்கத்து இருக்கையில் பையை வைத்து எனக்கு இடம் பிடித்தான். அவன் கொட்டாஞ்சேனையிலிருந்து வேலைக்கு வருகிறான். நாங்கள் ஒன்றாக வருவது வீட்டாருக்குத் தெரியாது, அது தற்செயல்.

பம்பலப்பிட்டிக்கு முன்னால் சோதனைச் சாவடியில் பஸ்ஸை மறித்தார்கள். அந்த நாட்களில் அது வழக்கம். எல்லோரும் இறங்கி, அட்டையைக் கையில் பிடித்தபடி நடந்து, அந்தப் பக்கம் போய் மறுபடி ஏற வேண்டும். நான் முன்னால், அவன் பின்னால். என் அட்டையைப் பார்த்தவர், “வத்தென்த?” என்றார். தோட்டத்திலிருந்தா என்று. ஓம் என்றேன். அட்டையைத் தந்துவிட்டார். பிறகு நந்தனின் அட்டையை வாங்கிப் பார்த்தார். கிளிநொச்சி. அதைக் கையில் வைத்துக்கொண்டே என்னை நிமிர்ந்து பார்த்து, இவன் உன்னோடு வந்தவனா என்று கேட்டார்.

நந்தனுக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும்.

இல்லை ஐயா, நான் தனியாகத்தான் வந்தேன், எனக்குப் பின்னால் நிற்கிறவரைத் தெரியாது என்றேன்.

போ என்றார். போய் பஸ்ஸில் ஏறினேன். நந்தன் வரவில்லை; கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு கண்டக்டர் விசில் அடித்தார். அவ்வளவுதான் நடந்தது.

ஓம் என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. இரண்டு பேரையும் வைத்திருக்கலாம். இரண்டு பேரையும் விட்டும் இருக்கலாம். ஒரு உத்தரவாதம் சொல்ல ஆள் இருந்ததால் விட்ட கதைகளும் உண்டு. அதை எத்தனையோ தரம் யோசித்து இப்போது யோசிக்காமல் இருக்கப் பழகிவிட்டேன். விரிப்பின் மூலையைப் பிடித்தால் அடுத்த மூலை வரும். அப்படி.

அடுத்த நாள் மாமி லோன்றிக்கு வந்தார். “ஹட்டன் தம்பி, நீர் இவனைக் கண்டனீரோ?” என்று கேட்டார். இல்லை என்றேன். மாமி அதைப் பொலிசில் சொன்னார். அவர்கள் எழுதினார்கள்: கடைசியாகக் கண்டவர் தாயார், இடம் கொட்டாஞ்சேனை வீடு. எழுதியதற்குப் பிறகு அதுதான் நடந்தது என்று ஆகிவிட்டது. எனக்குச் சிங்களம் ஓடும் என்பதால் மாமியோடு பொலிஸ், சிறை, வைத்தியசாலை என்று அலைந்தேன். கொட்டாஞ்சேனைப் பக்கம் உள்ள எல்லா இடமும் போனோம். பம்பலப்பிட்டிப் பக்கம் ஒருநாளும் போகவில்லை. போகச் சொல்ல வேண்டியது நான்தான்.

அலைந்த காலத்தில் மாமிக்கு என்மேல் ஒரு பிடிப்பு வந்தது. அவருடைய ஆட்களில் சிலர், தோட்டத்துப் பெடியனுக்கா என்று கேட்டபோது, “என்ர மகனைத் தேட அவன்தானே வாறான்,” என்றாராம். அப்படித்தான் வசந்தி எனக்குக் கிடைத்தாள்.

5

உண்மையை முன்பு ஒருதரம் சொல்லியிருக்கிறேன். சுவிசில், அகதி விசாரணையில்.

ஒரு மேசை, ஒரு பெண் அதிகாரி, ஒரு மொழிபெயர்ப்பாளர், தண்ணீர்ப் போத்தல். மலைநாட்டுத் தமிழனுக்குக் கொழும்பில் என்ன பிரச்சினை என்று அந்தப் பெண் கேட்டார். நந்தனைச் சொன்னேன். அவர் எல்லாம் கேட்டார். உங்களுக்கும் அவருக்கும் இடையில் எவ்வளவு தூரம்? ஒரு முழம். அட்டையை அதிகாரி எந்தக் கையில் வைத்திருந்தார்? இடது கை. நீங்கள் சொன்ன வசனத்தை அப்படியே சொல்லுங்கள். சொன்னேன். தட்டெழுத்தில் அடித்தார். பக்கம் பக்கமாக வாசித்துக் காட்டி, ஒவ்வொரு பக்கத்தின் கீழும் கையெழுத்து வாங்கினார்கள்.

அதில் எனக்கு அனுமதி கிடைத்தது. பிறகு வசந்தி வந்தாள். ஆரணி பிறந்தாள். நாங்கள் இருக்கும் வீடு, ஆரணியின் பள்ளிக்கூடம், வசந்தி வருடா வருடம் கொழும்பு அலுவலகங்களுக்கு அனுப்பும் கடிதங்களுக்கான முத்திரை, எல்லாமே அந்தப் பக்கங்களின் மேல் நிற்கின்றன.

6

கொழும்பிலிருந்து திரும்பி மூன்று வாரத்தில் காணொளி இங்கே வந்து சேர்ந்தது. ஆரணியின் சிநேகிதி ஒருத்தி அனுப்பினாளாம்.

“அப்பா, இது நீங்கள்தானே? ஏன் ஒண்டும் சொல்லேல்லை? செம கூல்,” என்றாள். பதின்மூன்று வருடத்தில் அவள் என்னை அப்படிப் பார்த்தது அதுதான் முதல்தரம். வழமையாக நான் வேலையால் வந்து இருந்தால் அவள் அறைக்குள் போய்விடுவாள். அன்று பக்கத்தில் வந்து இருந்தாள். அந்தச் சந்தோசத்தில் நான் நடிக்கவில்லை என்று சொல்லவில்லை.

தில்ஹானியும் எழுதியிருந்தாள். அடுத்த தடவை இன்னொரு நகரத்தில் செய்யப்போவதாகவும் நான் வந்தால் பயணச் செலவைத் தேடித் தருவதாகவும். நான் கலைஞன் இல்லை என்று பதில் போட்டேன். அதனால்தான் கேட்கிறோம் என்று எழுதினாள். அதற்குப் பதில் போடவில்லை. நல்ல பிள்ளை. தான் சின்னப் பிள்ளையாக இருந்த காலத்தில் நடந்ததற்கு இப்போது மா சாக்கைத் தைத்துப் போட்டுக்கொண்டு வெயிலில் நிற்கிறாள். அவளைக் குறை சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

பள்ளிக்கூடத்தில் ஆரணிக்கு ஒரு ‘ஃபோர்த்ராக்’ இருந்தது. எழுந்து நின்று பதினைந்து நிமிடம் வகுப்புக்குப் பேச வேண்டும். உடம்பையே வைத்துச் செய்யும் எதிர்ப்புக் கலை என்ற தலைப்பை எடுத்தாள். என் காணொளியைக் காட்டி, கீழே ஜெர்மனில் எழுத்து ஓடவிடப் போகிறாளாம்.

“அப்பா, நீங்கள் சிங்களத்தில என்ன சொல்லுறீங்கள்?”

“பேரும் விலாசமும்தான்.”

“கடைசில நீளமா ஒண்டு வருதே.”

“அதுவும் விலாசம்தான்.”

“விலாசத்துக்கு ஏன் ஆக்கள் கை தட்டினவை?”

நான் குளிக்கப் போய்விட்டேன். வசந்தி கொட்டாஞ்சேனையில் வளர்ந்தவள், அவளுக்குச் சிங்களம் என்னைவிட நன்றாகத் தெரியும். இது எனக்குத் தெரியாததல்ல. குளியலறையில் நின்று தண்ணீரைத் திறந்துவிட்டேன். திரும்பி வந்தபோது இரண்டு பேரும் சாப்பாட்டு மேசையில், நடுவில் தொலைபேசி.

“நிப்பாட்டு. இதில, எங்கேயிருந்து வாறாய் எண்டு கேக்கிறா. அப்பா, புறக்கோட்டையில இருந்து எண்டுறார்,” என்றாள் வசந்தி. ஆரணி தட்டெழுதினாள். “இது லோன்றி விலாசம். பொலிஸ் துண்டு முதலாளியிட்ட இருக்காம். இஞ்சேருங்கோ, இதெல்லாம் இன்னும் ஞாபகமோ?”

ஓடவிட்டார்கள். கடைசி வசனம் வந்தது.

“திருப்பிப் போடு,” என்றாள் வசந்தி.

ஆரணி திருப்பிப் போட்டாள்.

“இன்னொருக்கால்.”

மூன்றாம் தரமும் கேட்டுவிட்டு வசந்தி எழும்பினாள். “மிச்சம் நாளைக்கு. போய்ப் படி,” என்றாள். ஆரணி தொலைபேசியை எடுத்துக்கொண்டு போனாள். அறைக் கதவு சாத்தியது.

“அந்தப் பிள்ளை உங்களிட்ட அதைக் கேக்கேல்லையே,” என்றாள் வசந்தி. “கேக்காததுக்கு ஏன் பதில் சொன்னனீங்கள்?”

நான் நின்றுகொண்டிருந்தேன். தலை துவட்டிய துவாய் கையில் இருந்தது.

“உங்களை அப்பிடி எப்ப கேட்டவை? ஆர் உங்களுக்குப் பின்னால நிண்டது?”

கலியாணமான நாளிலிருந்து நான் அவளை ‘நீங்க’ என்றுதான் பேசுவேன். அவர்கள் வீட்டுக்குப் போய்வந்த காலத்துப் பழக்கம்.

“உக்காருங்க வசந்தி,” என்றேன். “நந்தன்தான் நின்னான்.”

சொல்லி முடிக்க ஐந்து நிமிடம்கூட எடுக்கவில்லை. இவ்வளவு சின்ன விசயமா என்று எனக்கே இருந்தது. அவள் அழவில்லை. நான் சொல்லச் சொல்ல மேசை விரிப்பில் இருந்த சோற்றுப் பருக்கை ஒன்றை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

“வேற ஆருக்கும் சொன்னனீங்களோ?”

“இங்க விசாரணையில சொன்னேன்.”

“வெள்ளைக்காரிக்குச் சொன்னனீங்கள்.”

“ஆமா.”

“அம்மாக்குச் சொல்லேல்லை.”

“இல்ல.”

அவள் எழும்பிப் போய்க் கோப்பைகளைக் கழுவினாள்.

7

அதற்குப் பிறகு ஒன்பது நாள் வீட்டில் எல்லாம் வழக்கம்போல நடந்தது. அவள் சமைத்தாள், நான் சாப்பிட்டேன். சாமான் வாங்கப் போனோம். ஆரணிக்கு மொழிபெயர்ப்பையும் முடித்துக் கொடுத்தாள். கடைசி வசனத்தை ஒரு சொல் விடாமல் சரியாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். ஆரணி ஃபோர்த்ராக்கைச் செய்தாள். நல்ல புள்ளி கிடைத்தது. வகுப்பில் ஒரு பிள்ளை, உன் அப்பாவுக்குப் பின்னால் யாரும் இல்லையே, அது ஏன் என்று கேட்டானாம். அது கலை, பார்க்கிறவர்கள் நினைத்துக்கொள்ள வேண்டும் என்று ஆரணி பதில் சொன்னாளாம். இதை அவள் என்னிடம் சொல்லும்போது வசந்தி கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

பத்தாம் நாள் ஞாயிறு. ஆரணி நீச்சலுக்குப் போயிருந்தாள். வசந்தி ஒரு படிவத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். காணாமற்போனவர்களின் கோப்புகளைப் பார்க்கும் கொழும்பு அலுவலகம் ஒன்றிலிருந்து அவள் இந்தமுறை எடுத்துவந்தது. முறைப்பாடு கொடுத்தவர் மாமி. அவர் இறந்துவிட்டதால் வேறொருவர் பெயருக்கு மாற்ற வேண்டும். புதிதாகத் தெரியவந்த விபரம் இருந்தால் அதையும் எழுதலாம். மூன்று மொழியிலும் இருந்தது.

“புது விபரம் எண்டதில நீங்கள் எழுதுங்கோ,” என்றாள்.

“நீங்க எழுதுங்க, நான் சொல்றேன். என் எழுத்து வாசிக்க ஏலாது.”

“வாசிப்பினம். எழுதுங்கோ.”

பேனையை எடுத்தேன். இடம். நேரம். பஸ் எங்கேயிருந்து எங்கே. ஒவ்வொரு கட்டமாக எழுதினேன். எனக்குச் சரியாகத் தெரியாத எழுத்துகளை அவள் சொன்னாள். இடையிடையே, படிவத்தில் இல்லாததையும் கேட்டாள்.

“பஸ்ஸில ஏறிப்போட்டு எங்க இருந்தனீங்கள்?”

“அவன் இருந்த இடத்துல.”

“யன்னல் பக்கம்.”

“ஆமா.”

“பஸ் எடுக்கேக்க வெளியில பார்த்தனீங்களோ?”

“பார்க்கல.”

“யன்னல் பக்கம் இருந்தும்?”

“பார்க்கல வசந்தி.”



“அவன்ர கையில என்ன இருந்தது?”

“சோத்துப் பார்சல். சோதிக்கும்போது இதப் பிடின்னு என்கிட்ட குடுத்தான்.”

“பிறகு?”

“என்கிட்டயே இருந்துச்சு.”

“என்ன செய்தனீங்கள்?”

“மத்தியானம் சாப்பிட்டேன்.”

“என்ன கறி?”

கேட்டது எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. ஆனால் ஞாபகம் இருந்தது. “கத்தரிக்காய். ஒரு முட்டை. முட்டையில உப்பு இல்ல.”

“அண்டைக்கு அம்மாக்குக் காய்ச்சல்,” என்றாள் வசந்தி. “அந்தப் பார்சலை நான்தான் கட்டினனான்.”

வெளியே தேவாலய மணி அடித்தது. இங்கே ஞாயிறு காலையில் அது நெடுநேரம் அடிக்கும்.

“அந்தச் சிங்களப் பிள்ளையிட்டச் சொல்லி முழு வீடியோவையும் எடுத்துத் தாங்கோ. வெட்டாதது,” என்றாள். “இதோட சேர்த்து அனுப்பலாம். நீங்கள் இப்பதான் கட்டிச் சொல்லுறியள் எண்டு அவங்கள் சொல்லக்கூடாது.”

“சரி.”

“அவள் கூப்பிட்டால் திருப்பிப் போவீங்களோ?”

“தெரியல.”

“போறதெண்டால் போங்கோ. நான் வந்து பார்க்கமாட்டன்.”

கடைசிப் பக்கம் சாட்சிக்கு உரியது. பெயர், விலாசம், இப்போது இருக்கும் நாடு. அதன் கீழே, காணாமற்போனவருக்கும் சாட்சிக்கும் உள்ள உறவு என்று ஒரு சின்னக் கட்டம். மைத்துனர் என்று எழுத நினைத்து, மை என்று எழுதிவிட்டேன்.

வசந்தி விரலை அதன்மேல் வைத்தாள்.

“அது பிறகு வந்த உறவு,” என்றாள். “அண்டைக்கு என்னவோ, அதை எழுதுங்கோ.”

அந்த எழுத்தை வெட்டினேன். பக்கத்தில் இருந்த இடம் போதவில்லை. எழுத்தைச் சிறிதாக்கி, நண்பர் என்று எழுதினேன். அவள் படிவத்தைத் தன் பக்கம் திருப்பி அந்தச் சொல்லை வாசித்தாள். அதையும் வெட்டச் சொல்வாள் என்று பேனையைப் பிடித்தபடி இருந்தேன். சொல்லவில்லை. கையெழுத்து வைக்கும் இடத்தைக் காட்டினாள்.